சாமி காரியத்துக்கு ஒரு மாத்திரை

2 செப்டம்பர் 2024, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை இன்றும் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போனேன். உட்கார்ந்தால் இடுப்புக்குள் இழுக்கிறது. கம்பெனியில் பேண்டேஜ் துணி மடிக்கிற மேஜையைப் பிடித்துக்கொண்டே பொழுதை ஓட்டினேன். சாயங்காலம் ஸ்கேன் ரிசல்ட் வந்தது. இடது சினைப்பையில் சாக்லேட் கட்டியாம். இதற்குப் போய் மிட்டாய்ப் பெயர் வைத்தவன் கையில் கிடைத்தால் விடமாட்டேன். வியாழக்கிழமை டாக்டரிடம் போக வேண்டும்.

5 செப்டம்பர், வியாழன்

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்கள். எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியேயும் வளர்ந்து, மாதாமாதம் அங்கேயும் கசிகிறதாம். தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை போட்டால் மாதவிலக்கு நிற்கும், வலி அடங்கும். ஆனால் போடுகிற வரைக்கும் குழந்தை கிடையாது. ஊசியும் இருக்கிறது, போட்டால் கொஞ்ச காலத்துக்கு உடம்பு கிழவி உடம்பாகிவிடும். தகிக்கும், எலும்பு தேயும். கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் லூப் என்றாலும் குழந்தை கிடையாது. குழந்தைதான் முதலில் என்றால் இது எதுவும் வேண்டாம், வலியோடு முயற்சி செய்ய வேண்டியதுதான்.

"வீட்ல கலந்துக்கிட்டு வாங்க" என்றார்கள்.

யாரோடு கலப்பது? அவர் பட்டாளத்தில், காஷ்மீரில். வருஷத்துக்கு ஒரு நீண்ட லீவு. அந்த லீவுக்குள் குழந்தை உண்டாக வேண்டும். கல்யாணமாகி ஏழு லீவு போய்விட்டது.

6 செப்டம்பர், வெள்ளி

போனில் சொன்னேன். "எனக்கு இதெல்லாம் என்ன தெரியும் செல்வி? அம்மாட்டக் கேட்டுக்க" என்றார். சிக்னல் போய்விட்டது. போனதா, போகவிட்டாரா?

மாமியாரிடம் கேட்டேன். "ஹார்மோன் மாத்திரையா? கர்ப்பப்பை சுருங்கிப் போகும்ட்டி! வேல்பாண்டி வார வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு. நானும் இப்படித்தான் கெடந்தேன். ரெண்டப் பெத்த பொறவுதான் கர்ப்பப்பைய எடுத்தேன்."

அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனாலேயே எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

18 செப்டம்பர், புதன்

அத்தை மெடிக்கலிலிருந்து ஒரு அட்டை மாத்திரை வாங்கி வந்தார்கள். "புரட்டாசி சனிக்கிழமை நாலுக்கும் நம்ம ஊரு பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு மாவிளக்கு போடுறதா நேந்திருக்கேன். புள்ள வரத்துக்கு. நீதான் மலை ஏறணும். நடுவுல தூரமாயிட்டா? மாசம் முடிய இதப் போடு."

மாதவிலக்குத் தேதியைத் தள்ளிப் போடுகிற மாத்திரை. ஊரில் எல்லாப் பெண்களும் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் போடுவதுதான்.

28 செப்டம்பர், சனி

இரண்டாவது சனிக்கிழமை. தேதி தாண்டிவிட்டது. வலி இல்லை.

5 அக்டோபர், சனி

மலைப் படியில் எங்கும் உட்காரவில்லை. கூட்டத்தில் இடிபட்டும் இடுப்பில் ஒன்றும் இல்லை. மற்ற பெண்கள் எல்லா நாளும் இப்படித்தான் இருக்கிறார்களா? எனக்கு அழுகை வந்தது. சாமியைப் பார்த்து அழுகிறேன் என்று அத்தை முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

9 அக்டோபர், புதன்

டாக்டரம்மாவிடம் அட்டையைக் காட்டினேன். சிரித்தார்கள். "இதுவும் ஹார்மோன்தாம்மா. மாசக் கணக்குல போடணும்னா நான் எழுதித் தர்றத போடுங்க."

15 அக்டோபர், செவ்வாய்

சனிக்கிழமையோடு விளக்கு முடிந்தது, மாத்திரையும் முடிந்தது. இன்று கம்பெனியில் துணிக் கட்டுகளுக்கு நடுவே விழுந்துவிட்டேன். முடியல. சத்தியமா முடியல. பக்கத்து மேஜை ஜெயபாய் அக்காதான் மடியில் போட்டுக்கொண்டார்கள். "ஊரு புண்ணுக்கெல்லாம் நாம துணி மடிக்கோம். ஒன் புண்ணு வெளிய தெரிய மாட்டேங்கே."

17 அக்டோபர், வியாழன்

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். "அத்தை, நீங்க கோயிலுக்கு வாங்கித் தந்ததும் ஹார்மோன் மாத்திரைதான். அதுலதான் வலி நின்னுச்சு."

"அது சாமி காரியம்ட்டி. இது வேற" என்றார்கள்.

என்ன வேறு? ஒரே வயிறுதானே.

ஒளித்துப் போடவும் முடியாது. நான் பூஜை அறைக்குப் போகாத நாளெல்லாம் அத்தைக்கு மனப்பாடம். அவர் காஷ்மீரில் இருக்கும்போது எனக்குத் தேதி தள்ளினால், எதிர்வீடு வரை விரல் விட்டு எண்ணும்.

22 நவம்பர், வெள்ளி

அவருக்கு டிசம்பரில் லீவு இல்லையாம், ஜனவரி கடைசியாம். இன்னும் இரண்டு தூரம் தாங்க வேண்டும். பல் தேய்ந்துவிட்டது கடித்துக் கடித்து.

10 டிசம்பர், செவ்வாய்

பொய் சொன்னேன். மார்கழி முழுக்க விடியலில் ஆண்டாள் கோயிலுக்குப் போவதாக நேர்ந்துகொண்டேன் என்றேன். அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவர்களே மெடிக்கலுக்குப் போனார்கள், அவர்களே தண்ணீரும் கொண்டுவந்தார்கள். அந்த அட்டையை உள்ளே வைத்துவிட்டு டாக்டரம்மா எழுதியதைச் சாப்பிடுகிறேன். வாய்க்குள் போன பிறகு எல்லாம் ஒன்றுதான்.

தாயே, மன்னித்துக்கொள். குளிரில் தினமும் வருகிறேன், அதையாவது கணக்கில் வை.

3 ஜனவரி 2025, வெள்ளி

வலி இல்லை.

15 ஜனவரி, புதன்

மார்கழி முடிந்தது, பொங்கலும் வந்து போனது. இனி என்ன சொல்வது என்று அடுப்படியில் விழித்துக்கொண்டு நின்றேன். அத்தை கரும்பு வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்கள். "அடுத்து எந்தச் சாமிக்கு நேந்திருக்க?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எந்தச் சாமின்னாலும் சரி. அவன் வார வரைக்கும் போட்டுக்க. வந்த பொறவு கூடாது, என்ன?"

தலையாட்டினேன். எப்போதிருந்து தெரியும் என்று கேட்கவில்லை.

30 ஜனவரி, வியாழன்

அவர் வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். "ஒடம்பு தேவலையா இருக்க போல செல்வி" என்று சந்தோஷப்பட்டார். ஆமாம் என்றேன். அட்டையை அத்தையிடம் கொடுத்துவிட்டேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் அவர் தோட்டத்துக்குப் போன பிறகு அத்தை அறைக்கு வந்தார்கள். வெந்நீர்ப் பையை நிரப்பி, துண்டு சுற்றி, கட்டிலில் என் பக்கமாக வைத்தார்கள். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

மாத்திரை நிறுத்தி மூன்று நாள் ஆகிறது. இன்னும் வலி ஆரம்பிக்கவில்லை.