ஐந்தாவது பெட்டி

உன் ஹெட்போனை மறுபடியும் எடுத்து மாட்டிக்கொண்டேன். காதில் படுகிற அந்தக் கறுப்புப் பஞ்சு உதிர்ந்து உதிர்ந்து, என் தோளெல்லாம் எள்ளு கொட்டின மாதிரி ஆகிவிட்டது. இடது பக்கத்தில் மட்டும் இன்னும் உன் தேங்காயெண்ணெய் வாசனை இருக்கிறது. வலது பக்கத்தில் ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அந்தக் காதைக் குக்கர் விசிலுக்காகத் திறந்தே வைத்திருப்பாய். போகிறவள் நல்லதாக ஒரு ஹெட்போனை வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? இதை மாட்டிக்கொண்டுதான் நான் ஒரு மெஷினோடு மல்லுக்கட்டினேன். அந்த மெஷினுக்குக் காது கொடுத்தவள் நீ. நியாயமாகப் பார்த்தால் இந்தச் சண்டை உன்னோடுதான்.

பெங்களூர் ஈஜிபுராவில் என்னைத் தெரியாதவர் கிடையாது. எட்டாவது முடித்து ஒன்பதாவதை எட்டிப் பார்த்தவன்தான் என்றாலும், தொம்மலூரில் நிற்கிற கண்ணாடிக் கட்டடங்களில் பாதிக்குக் கண்ணாடி மாட்டியது நான். நீ புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. சரி, இரண்டு கட்டடம். அதில் ஒன்றில்தான் உனக்கு வேலை கிடைத்தது. பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஏசி ரூமில் நாற்காலி! நான் மாட்டின கண்ணாடிக்குள் என் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொன்னேன்.

"எங்க ரூமுக்கு ஜன்னலே இல்ல. நீட்டாதீங்க" என்றாய்.

நீட்டாதீங்க. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு நீ போட்ட ஒரே மந்திரம்.

உன் வேலை, கேட்பது. யார் யாரோ கம்பெனிகளுக்குப் போன் போட்டுத் திட்டியதையும் கெஞ்சியதையும் துண்டு துண்டாகக் கேட்டு, பேசுகிறவர் மனம் எப்படி இருக்கிறது என்று நாலு பெட்டியில் ஒன்றைத் தொட வேண்டும். கோபம், சந்தோஷம், துக்கம், ஒன்றுமில்லை. நீங்கள் தொடத் தொட மெஷின் பழகிக்கொள்ளும். பழகின பிறகு அதுவே குரலைக் கேட்டுக் கண்டுபிடித்துவிடும். பக்கத்து வரிசையில் இன்னொரு கூட்டம், ஒரு புரோகிராம் எப்படி ஓடுகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்று வேவு பார்க்கிற புரோகிராம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அதற்கு நீ 'மாமியார்' என்று பெயர் வைத்தாய். என் அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"சில புரோகிராமு செக்குமாடாட்டம் சுத்திட்டே இருக்குமாம். வெளிய வர ஒரே வாசல்தான் வெச்சிருப்பாங்களாம். அது கிடைக்கற வரைக்கும் சுத்த வேண்டியதுதான்" என்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாய். உன்னைக் கட்டிக்கொண்ட பிறகு என் கதியும் அதுதான் என்றேன். ரசத்தை ஊற்றாமல் போய்விட்டாய்.

நாலு பெட்டி போதவில்லை என்று உங்கள் ரூமில் எல்லோருமே முணுமுணுத்திருக்கிறீர்கள். ஆட்கள் கத்துகிறார்கள், ஆனால் அது கோபத்தில் சேரவில்லை. அப்போது நீ என்ன செய்தாய்? தண்ணி லாரி வராத அன்று நான் வாசலில் நின்று பேசியதை எனக்குத் தெரியாமல் போனில் பிடித்து வைத்திருந்தாயே, அதை உன் டீம் லீடருக்குப் போட்டுக் காட்டினாய். கன்னடத்துக்காரர், நல்ல மனிதர். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"கோப அல்லம்மா இது, பேஜாரு!"

"தமிழ்லயும் அதேதான் சார்" என்றாயாம்.

அப்படிப் பிறந்ததுதான் ஐந்தாவது பெட்டி: பேஜார், அலுத்துப்போனவன் புலம்பல். பிறகு என்னையே வரவழைத்து, ஒரு கூண்டில் உட்காரவைத்து, மைக் முன்னால் பேசச் சொன்னார்கள். நாள் கணக்கில் பேசினேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் என்று நீ வெட்டுவாய். எவ்வளவு நேரமானால் என்ன, இந்தியாவில் எந்த மெஷினுக்காவது பேஜார் புரிகிறது என்றால் அதற்கு அப்பன் நான்.

எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறாய் என்று இன்ஜினியர்கள் உன்னைக் கேட்டிருக்கிறார்கள். "கோபக்காரன் பேச்சைச் சுருக்குவான் சார். பேஜார் புடிச்சவன் நீட்டுவான்" என்று சொல்லியிருக்கிறாய். அதை அப்படியே மெஷினுக்குள் விதியாக எழுதிவிட்டார்களாம். அதோடு நிறுத்தினாயா? ஒரு நாள் உன் போனில் என் அழைப்பு வந்தபோது எட்டிப் பார்க்கிறேன், என் போட்டோவுக்குக் கீழே 'பேஜார்' என்று இருக்கிறது.

"புருஷன் பேரை இப்படியா போடுவாங்க?"

"பொய்யா வேற என்ன போடறது?"

நீ போன பிறகு உன் போனை என் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். கார்மெண்ட்ஸ் தோழிகள் இன்னும் அதில்தான் கூப்பிடுகிறார்கள். போன மாதம் அதற்கு ஒரு மெசேஜ் வந்தது: ஒரு வாரத்துக்குள் உரிமையாளரைச் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எண் துண்டிக்கப்பட்டு வேறொருவருக்குப் போய்விடும். உன் நம்பரில் எவனோ ஒருவன் ஹலோ சொல்வதா? கடைக்கு ஓடினேன். முதலில் கஸ்டமர் கேரில் பேசி மனு எண் வாங்கி வா என்றார்கள். உன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போன் போட்டேன். மெஷின் எடுத்தது.

"இணைப்பின் உரிமையாளருடன் பேச முடியுமா?"

"அவங்க வேலைக்குப் போயிருக்காங்கம்மா, பெரிய வேலை, தொம்மலூர்ல..." என்று ஆரம்பித்தேன்.

"உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. பாட்டு முடிந்து கட். அடுத்த தடவை, ஊருக்குப் போயிருக்கிறாள், அங்கே டவர் கிடைக்காது, பஸ்ஸும் சரியில்லை என்றேன். பொறுமைக்கு நன்றி. இன்னொரு தடவை, குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி, ஈஜிபுரா தண்ணீர்க் கஷ்டத்தையும் சேர்த்துச் சொன்னேன். அதற்கும் பாட்டுதான். அந்தப் பாட்டு இப்போது எனக்கு மனப்பாடம்.

மாடி வீட்டு நஸ்ரீன், அவளும் ஒரு கால் சென்டரில்தான் இருக்கிறாள், படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அரே அண்ணா, நீங்க பேசினா ஆயுசுக்கும் ஆளு கிட்ட போவாது. கோவமா பேசறவங்களைத்தான் அது உடனே ஆளு கிட்ட அனுப்பும். இது சும்மா பேஜாரு, வெயிட் பண்ணுவாருன்னு உங்களை ஓரமா ஒக்கார வெச்சிடுது."

எப்படி இருக்கிறது பார். ஊரில் எல்லோருக்கும் வழி உண்டு, அதைப் பழக்கின எனக்கு மட்டும் கிடையாது. அது நீ செய்த மெஷின்தானா என்று நஸ்ரீன் சந்தேகப்பட்டாள். எனக்குச் சந்தேகமே இல்லை. என்னை இப்படி உட்காரவைக்க உலகத்தில் வேறு யாருக்குத் தெரியும்?

சரி, கோபப்பட்டே காட்டுவோம் என்று இறங்கினேன். "யோவ்! என்னாங்கடா நெனச்சிட்டு இருக்கீங்க, நான் யாரு தெரியுமா, இந்தத் தொம்மலூர்ல..." தெருநாய்கூட எழுந்து போய்விட்டது. மெஷின் மட்டும், பொறுமைக்கு நன்றி. நஸ்ரீன் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

கெடு முடிகிற அன்று காலையில் மறுபடியும் போட்டேன். சுற்றிச் சுற்றி அலுத்திருந்தது. தொண்டையும் கட்டியிருந்தது.

"இணைப்பின் உரிமையாளருடன் பேச முடியுமா?"

"அவ செத்துட்டா."

அவ்வளவுதான் சொன்னேன். உன் சொந்தக்காரர்களிடம்கூட 'தவறிட்டாங்க', 'சாமிகிட்ட போயிட்டாங்க' என்று சுற்றி வளைத்துத்தான் சொல்லியிருந்தேன். இந்த இரண்டு வார்த்தையை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பாட்டு வரவில்லை. அது கோபப் பெட்டியைத் தொட்டதா, துக்கத்தைத் தொட்டதா, நீதான் சொல்ல வேண்டும். உடனே ஒரு பெண் குரல் வந்தது. "வணக்கம் சார், சொல்லுங்க."

மனு எண் கொடுத்தாள், என்ன என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றும் சொன்னாள். வைத்திருக்கலாம். நான் வைக்கவில்லை.

"உங்க மெஷின் இருக்கே, அதை மொத்தமா செஞ்சது எம் பொண்டாட்டிதாம்மா."

"நிஜமாவா அங்கிள்?"

"தனியா செஞ்சா. ஒருத்தர் ஒதவி இல்ல. அவ கார்மெண்ட்ஸ்ல இருக்கும்போதே கண்டுபுடிச்சிட்டா, பெரிய பெரிய இன்ஜினியருங்க அவ முன்னாடி கை கட்டி..." போய்க்கொண்டே இருந்தேன். அந்தப் பெண்ணும் கேட்டுக்கொண்டே இருந்தாள். நீட்டாதீங்க என்று சொல்லத்தான் ஆளில்லை.

நம்பர் இப்போது என் பேருக்கு வந்துவிட்டது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் போனிலிருந்து ஒரு தடவை அடித்துப் பார்க்கிறேன். சட்டைப் பையில் உன் போன் துடிக்கிறது. எடுத்தால் என் போட்டோ, கீழே அதே பெயர். நஸ்ரீன் மாற்றித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். பொய்யாக வேறு என்ன போடுவது?