சாம்பல் பூசிய கப்பல்

ஐப்பசி 14, வியாழன். தஞ்சாவூர்.

அதிராம்பட்டினத்திலிருந்து தம்பி யூசுப் வந்திருந்தான். வாப்பா வேலை பார்த்த நீராவிக் கப்பலின் பெயரைப் போனில் தேடிப் பிடித்த படத்தைக் காட்டினான். கப்பல் முழுக்கச் சாம்பல் நிறப் பூச்சு, முன்னால் பீரங்கி.

"இது வேற கப்பல் ராத்தா. வாப்பா கப்பல் வெள்ளை. ரங்கூனுக்கு ஆளுங்கள ஏத்திட்டுப் போனது" என்றான் ஏமாற்றமாக.

அதே கப்பல்தான் என்றேன். உலகச் சண்டை வந்ததும் கடற்படை அதை எடுத்துக்கொண்டு சாம்பல் நிறம் பூசியது. முதல் வகுப்புச் சாப்பாட்டு அறையில் குண்டுகளை அடுக்கினார்கள். சமையல்காரரான வாப்பா அதிலேயே இருந்துவிட்டார்.

அப்போது உம்மா புதுப்பெண். கப்பல் வருகிறதென்று கேள்விப்பட்டு நாகப்பட்டினம் கடற்கரைக்கு ஓடியிருக்கிறார். தூரத்தில் நின்றது சாம்பல் கப்பல் ஒன்றுதான். வெள்ளைக் கப்பல் மூழ்கிவிட்டது என்று நினைத்து மணலில் உட்கார்ந்து அழுதாராம். படகில் வந்து இறங்கிய வாப்பா பக்கத்தில் வந்து, "யாருக்காக அழுவுறே?" என்று கேட்டிருக்கிறார்.

"உங்களுக்குத்தான்" என்றாராம் உம்மா, குரலிலேயே ஆளைத் தெரிந்துகொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

உம்மா இதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார், சிரித்துக்கொண்டே.

யூசுப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். "அடுப்படி எந்தப் பக்கம் இருந்திருக்கும் ராத்தா?"

எனக்குத் தெரியவில்லை. அதிலிருந்து மனசு அடங்கவில்லை. வாப்பா இருந்தவரை பெருநாளைக்கு அவர்தான் சமைப்பார். எத்தனையோ வருஷம் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குண்டுகளுக்குப் பக்கத்தில் எப்படி உலை வைத்தீர்கள், பயமாக இருந்ததா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.