பல்லால் கிழித்த டேப்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் மூட்டுவலி குறைந்ததா? அப்பா மாத்திரை சாப்பிடுகிறாரா, சாப்பிட்டதாகச் சொல்கிறாரா?

இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. அறையில் ஃபிரிட்ஜ் மக்கர் செய்து, கூடத் தங்கியிருக்கும் எல்லோருடைய பாலும் திரிந்துபோனது. நான்தான் கதவைத் திறந்துபோடுகிறேன் என்று பெரியம்மா மகன் அத்தனை பேர் முன்னால் என்னைக் கிழித்தெடுத்தான். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவனே சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

நேற்று அவன் வேலைக்குப் போனதும், ஃபோனில் பார்த்துப் பார்த்து உள்மூடியைக் கழற்றினேன். குளிரை அளக்கும் சென்சாரை ஐஸ் தண்ணீரில் முக்கி, அவனுடைய பழைய மீட்டரை வைத்தேன். எண் அசையவே இல்லை. செத்த சென்சார், உள்ளே சில்லென்று இருப்பதாகப் பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒயரில் பச்சை டேப். அதன் நுனியில் பல் தடம். கத்தரி பக்கத்திலேயே இருந்தாலும் டேப்பைப் பல்லால் கிழிப்பவன் யாரென்று உனக்கே தெரியும்.

சாயங்காலம் கேட்டேன். "கஸ்டமர் அவசரப்படுத்தினாருடா. நம்மளோட நல்ல சென்சாரைக் கழட்டி அவருக்கு மாட்டிட்டு, அவரோட பழசை இதுல ஒட்டிட்டேன்" என்றான்.

"அப்புறம் என்னை எதுக்குண்ணா திட்டினே?"

"எல்லாரும் கேட்டாங்க. நீ நம்ம பையன், தாங்கிப்பேன்னு நெனச்சேன்."

புது சென்சார் வாங்கி நானே மாட்டிவிட்டேன். இப்போது ஐஸ் பிடிக்கிறது.

பெரியம்மாவிடம் சொல்லாதே. என் பழைய போர்வையை மட்டும் அனுப்பு, அவனிடம் கொடுத்துவிட வேண்டாம், தபாலில். வேலைக்குக் கூட்டிப்போகக் கம்பெனி வண்டி வந்துவிட்டது. இன்னொன்று அம்மா, அவன் லீவில் வந்தால், என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மறுபடி அவன் கையைப் பிடிக்காதே.

உன் சின்னவன்