கேட்காத ஹாரன்

புரட்டாசி, வியாழன். ஒரத்தநாடு.

பயிற்சி விமானத்தைச் சக்கரம் இறக்காமல் ஓடுதளத்தில் வயிறு உரச இறக்கிவிட்டேன். அன்றிலிருந்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். “சக்கரம் இறங்கலைன்னு எச்சரிக்கை ஹாரன் அடிச்சுதே, கேக்கலையா?” கேட்கவில்லை. கன்ட்ரோல் டவருடன் பேசிக்கொண்டே இறங்கினேன். சொன்னால் யாரும் நம்பவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. லீவில் வீட்டுக்கு வந்த என்னை அதிகம் கிண்டல் செய்தவன் அண்ணன்.

இன்று சேற்றுழவு முடிந்ததும் அவன் டிராக்டரை வயலிலிருந்து நேராகத் தார் ரோட்டில் ஏற்றினான். சேற்றுக்கு மாட்டும் இரும்புக் கேஜ்வீலைக் கழற்ற மறந்துவிட்டான். தெருவே அதிர்ந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து ஓடிவந்து கத்தினார்கள். அவனோ போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, நடவுக்கு ஆள் கேட்டபடியே வந்தான். நான் குறுக்கே போய் நின்ற பிறகுதான் நிறுத்தினான்.

“என்னண்ணே, இவ்வளவு சத்தம் கேக்கலையா?”

திரும்பிப் பார்த்தான். தார் கீறிக் கிடந்தது.

“சத்தியமா கேக்கல பாப்பா.”

நான் உடனே நம்பினேன்.

கேஜ்வீலைக் கழற்றும்போது மெதுவாகக் கேட்டான். “அன்னைக்கு உனக்கும் இப்படித்தானா?” தலையாட்டினேன். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை எனக்கு மறுபடி விமானம் ஓட்டும் சோதனை. இந்த முறை டவரே கூப்பிட்டாலும் முதலில் சக்கரம், பிறகுதான் பதில்.

படுக்கப் போகும்போது அண்ணன் வாசற்படியில் நின்று சொன்னான்: “எறங்குனதும் மெசேஜ் போடு. போன் பண்ணாத, டிராக்டர்ல இருப்பேன்.”