அத்தைக்குப் புரியக்கூடாத வார்த்தை

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாதி அன்பும் பாதிக் கோபமுமாக எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கம்போல அத்தை கூடத்தில் உட்கார்ந்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். குளிர்கிடங்கு வேலை, புது மேலாளர், ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்ட மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்பது, எல்லாம் வாசித்தேன். நடுவில், "மூணு மாசமா எனக்கு ஒரே க்ரூயலிங்" என்று எழுதி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் இங்கிலீஷில் போட்டிருந்தீர்கள். எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அத்தையிடம் ஏதோ மெஷின் பேர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூன்று மாதமாக நாலு வரிக்கு மேல் எழுதாத மனிதர் நீங்கள். குளிரில் நுரையீரலுக்கு ஏதோ வந்துவிட்டது, மறைக்கிறீர்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் கிளினிக்கில் வேலைக்குப் போய், வந்தவர்களுக்கு டோக்கன் கொடுத்து முடித்ததும், "க்ரூயலிங் வந்தா குணமாகுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அது வியாதி இல்லம்மா. ஆளைச் சக்கையாப் பிழியற வேலைக்குச் சொல்றது. பயணத்துக்கு, பரீட்சைக்குக்கூடச் சொல்லலாம்" என்றார். நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். காத்திருந்தவர்கள் எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள். அப்பாடா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். கடிதம் வந்ததிலிருந்து வயிறு சரியில்லை என்று சாப்பிடாமல் இருந்தவர்கள், "எனக்குப் புரியக்கூடாதுன்னுதானே அதை மட்டும் இங்கிலீஷ்ல எழுதினான்? வாசிக்கும்போதே புரிஞ்சுபோச்சு, அவனால முடியலன்னு. வியாதி இல்லையே, அது போதும். நீ சோத்தைப் போடு" என்றார்கள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே எழுதுங்கள். நான் உரக்க வாசிக்கிறேன், அத்தை கேட்கட்டும். எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. நீங்கள் ஊமையாக இருக்கும்போதுதான் ஆகிறது.

இன்று காலை சொல்லாமல் கொள்ளாமல் அத்தை உங்கள் மெத்தையை மாடியில் வெயிலுக்குப் போட்டுவிட்டார்கள். நானும் மாடியேறி இன்னொரு ஓரத்தைப் பிடித்து உதறிக் கொடுத்தேன்.

கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் வரவை எண்ணி,
உங்கள் கோபக்காரி