நெட்டுக்குப்பத்துக் கல்

அன்புள்ள எழில்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன். வானத்திலிருந்து விழுந்த கல்லின் மேல் நம் பழைய இரும்புக் கிடங்கு ஆள் வல்லரசு காந்தத்தை வைத்துவிட்டான். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பம் நீலமேகம் நம்மிடம் பழைய சங்கிலி, நங்கூரம் கொண்டுவந்து போடுகிறவன். எஞ்சின் போய் அவன் படகு கரையில் கிடக்கிறது, அடுத்தவன் படகில் கூலிக்குப் போகிறான். கல் விழுந்த அன்றைக்கு விடியும்போது வானத்தில் நெருப்புக் கோடு ஓடிப் பெரிய சத்தம் கேட்டதும், பவர் ஹவுஸில் பாய்லர் வெடித்துவிட்டது என்று குப்பமே ஓடியிருக்கிறது. இவன் மட்டும் மணலில் விழுந்த குழியைத் தோண்டி, தேங்காய் அளவில் கருகின கல்லை எடுத்து நேரே தண்டையார்பேட்டைக்கு வந்துவிட்டான். நிஜ விண்கல் என்றால் நம் கிடங்கில் இருக்கிற செகண்ட் ஹேண்ட் எஞ்சினைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, உனக்குப் போட்டோ அனுப்பினேன். அதற்குள் வல்லரசு, எது உள்ளே வந்தாலும் முதலில் செய்வதைச் செய்துவிட்டான். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் செம்பு பித்தளை, அதுதானே நம் பிழைப்பு. டக்கென்று ஒட்டியது. யக்கா, உள்ள இரும்பு கீது என்று குஷியாகக் கூவினான், எனக்கும் சந்தோஷம்தான்.

சாயங்காலம் நீ போன் செய்து, இது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற குறுங்கோள் ஒன்றின் துண்டாக இருக்கலாம், கிரகங்கள் உருவான காலத்துக் காந்தச் சுவடு உள்ளே இருக்கும், காந்தம் பட்டால் அது அழிந்துவிடும் என்றாய். ஏற்கெனவே காந்தம் வைத்தாயிற்று என்று சொல்லாமல் நான் சரி என்று போனை வைத்துவிட்டேன். நீ ஆராய்வது விண்கல்லுக்குள் இருக்கிற காந்தம் என்று தெரியும், அந்தக் காந்தத்துக்குக் காந்தமே எதிரி என்று யாருக்குத் தெரியும். வல்லரசைக் கேட்டால், ஆகாசத்துலேர்ந்து வந்தா மட்டும் தனி ரூலா, எங்கிட்ட யாரு சொன்னா என்கிறான். அவன் வைத்தது ஒரு பக்கம்தான், அங்கே வெள்ளை பெயிண்ட் தொட்டு வைத்திருக்கிறேன். மறுபக்கத்தில் ஏதாவது தேறுமா என்று நீதான் பார்க்க வேண்டும். கிரகம் கட்டினது போக மிஞ்சின துண்டு இது என்று நீ சொன்னது எனக்குப் புரிந்தது, மிஞ்சின துண்டை வைத்துத்தான் நானும் கடை நடத்துகிறேன்.

நீலமேகத்திடம் மறைக்கவில்லை. அவன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கல்லு கல்லாத்தானே கீது, இன்னா கெட்டுப் போச்சு, வெலய கொறைக்கத்தானே இந்தக் கதை, காந்தம் வெச்சது உன் ஆளு யக்கா என்று எகிறிவிட்டான். நியாயம்தான். என் கிடங்கில் நடந்த தப்புக்கு அவன் படகு ஏன் கரையில் கிடக்க வேண்டும். குறைக்க மாட்டேன் என்றேன். விழுந்த இடத்தின் பெயரைத்தான் கல்லுக்கு வைப்பார்கள் என்று நீ சொன்னதையும் சொன்னேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, எண்ணூருன்னு போட்டா பவர் ஹவுஸ் சாம்பல்னு நினைச்சிக்குவான், எங்க குப்பத்துப் பேரைப் போடச் சொல்லு என்றான்.

அப்பாவிடம் சர்க்கரையைப் பற்றிக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார், நம்பாதே, டீ மட்டும் குறையவில்லை. நீ கண்விழித்து வேலை செய்யாதே. நல்ல பெயரும் நீண்ட ஆயுளுமாக நீ இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, நான் கைகொடுத்து ஒப்புக்கொண்டது இதுதான்: எஞ்சின் இன்றைக்கே அவன் படகில் ஏறுகிறது. வானத்துக் கல் அரசாங்கத்துக்குத்தான் போக வேண்டுமாம், அதனால் கல்லை அரசாங்க ஆய்வுக்கூடத்தில் ஒப்படைக்கிறேன், உனக்கு வேண்டிய துண்டை அவர்களிடம் முறையாக எழுதிக் கேள். பெயர் வைக்கிறவர்களிடம் பேச வேண்டியது நீ. நெட்டுக்குப்பம் என்று வராவிட்டால் அவன் எஞ்சினைக் கழற்றி என் வாசலில் போடலாம், நான் எப்பாடு பட்டாவது ஆய்வுக்கூடத்திலிருந்து கல்லைத் திரும்ப வாங்கி அவன் கையில் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
புஷ்பவல்லி