சேக் தாவூது பெயருக்கு முன்னால்

19 ஜனவரி 2025, நன்னிலம்

பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம். வீடெல்லாம் வைக்கோல் தூசி.

நாகப்பட்டினத்திலிருந்து ஹாஜா மைதீன் வந்தார். தம்பி மகள் ஆயிஷாவுக்கு ஏப்ரலில் நிக்காஹ். அழைப்பிதழ் மாதிரியைக் காட்டினார். தந்தை சேக் தாவூது. பெயருக்கு முன்னால், இறந்தவர்களுக்குப் போடும் அடைமொழிக்கு இடம் விட்டிருந்தது.

"மர்ஹூம்னு போடணுமான்னு தெரியலை சார். அவன் பொஞ்சாதி சபிஹா போட விடலை. தம்பி இருந்தா அவன்தான் பொண்ணைக் கொடுக்கணும். மௌத்தாயிட்டான்னா பெரியத்தா நான் கொடுக்கணும். கடைசியா உங்ககூடத்தானே இருந்தான். ஏதாச்சும் தெரியுமா?"

"உறுதியா ஒண்ணும் இல்லைங்க."

பதினாறு வருஷமாக இதே பதில்.

22 ஜனவரி

பழைய குறிப்பேட்டை எடுத்தேன்.

2005-இல் தென் தாய்லாந்துக்கு, பத்தானிக்கு, செய்தி சேகரிக்க முதல் தடவை போனபோது மலாய் முஸ்லிம்களுக்குத் தனிநாடு என்பது ஒரே குரலாகத்தான் கேட்டது. தேநீர்க் கடையில் ராணுவ வண்டிச் சத்தம் வந்தால் எல்லோரும் ஒன்றாக வாய் மூடினார்கள். 2009-இல் ஒருவரைப் பார்த்து ஒருவர் வாய் மூடினார்கள். அரசோடு பேசலாம் என்றவர்கள் ஒரு பக்கம், பேசுவதே துரோகம் என்றவர்கள் ஒரு பக்கம். அந்தத் துரோகத்துக்கு யாரைச் சுடுவது என்பதில் அவர்களும் இரண்டானார்கள்.

எனக்கு மலாய் தெரியாது. அங்கே கைலி விற்றுக்கொண்டிருந்த சேக் தாவூது அவர்கள் பேசியதைத் தமிழில் சொன்னார். அரசோடு பேசலாம் என்ற போராளித் தளபதியிடம் என்னைக் கூட்டிப்போனதும் அவர்தான். "சார், என் பேரு மட்டும் வேணாம். ஊருல சபிஹா பயந்துக்குவா" என்றார்.

கட்டுரையில் முஸ்தபா என்று மாற்றினேன். கைலி மூட்டையைச் சைக்கிளில் வைத்துக் கட்டும் பச்சைக் கயிற்றை மாற்றவில்லை. நல்ல விவரம் என்று பட்டது. அந்த வட்டாரத்தில் சைக்கிளில் கைலி விற்ற தமிழர் அவர் ஒருவர்தான்.

கட்டுரை ஆங்கிலத்திலும் போனது. மூன்று வாரத்தில் தளபதியின் ஆள் போன் செய்தான். பிரிந்துபோனவர்கள் சேக் தாவூதைச் சுட்டுவிட்டார்கள். ரப்பர் தோட்டத்து ஓரம், அஸர் தொழுகைக்கு முன். அடக்கம் செய்தாயிற்று.

எழுதி வைத்தேன்: 17 ஜூன் 2009.

ஒருவர் சொன்னால் தகவல், இருவர் சொன்னால்தான் செய்தி. இது என் தொழில் விதி. இரண்டாவது ஆளை நான் தேடவே இல்லை. தேடாதவரை அது செய்தி ஆகாது — அப்படித்தானே?

25 ஜனவரி

தெருவில் கைலிக்காரர் சைக்கிள். மணி கேட்டதும் உள்ளே போய்விட்டேன். எப்போதும் போல.

2 பிப்ரவரி

குறிப்பேட்டில் அந்தத் தேநீர்க் கடையின் எண் இருந்தது. மாறியிருக்கும் என்று நம்பி அடித்தேன். மாறவில்லை. கடைக்காரரின் மகள், ஆங்கிலம் பேசினாள். ஒரு மணி நேரத்தில் அவரை அடக்கம் செய்த கபரின் படம் அனுப்பினாள். இரண்டு கற்கள், நடுவில் புல். தேதியும் சொன்னாள். அதே தேதி.

இருவர்.

9 பிப்ரவரி

நாகப்பட்டினம். ஹாஜா மைதீன், பள்ளிவாசல் ஹஜ்ரத் உபைதுல்லா, சபிஹா. பச்சைக் கயிறு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். ஹாஜா மைதீன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஹஜ்ரத் என்னிடம் தேதியை இரண்டு தடவை கேட்டார். பிறகு சபிஹாவிடம் தணிந்த குரலில், "இத்தா மௌத்தான நாள்ல இருந்துதாம்மா கணக்கு. நாலு மாசம் பத்து நாள். உங்களுக்குத் தெரியாமலே அது முடிஞ்சுபோச்சு. இனிமே வீட்டோட துக்கம் இருக்க வேண்டியதில்லை" என்றார்.

சபிஹா தையல் மெஷினை விட்டு எழவில்லை.

"அந்த நாலு மாசமும் நான் கலர் சேலை கட்டிக்கிட்டு, பூ வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கேன் ஹஜ்ரத். பெருநாளைக்கு வர்றேன்னு சொல்லியிருந்தாரு."

என்னைப் பார்த்தார்.

"தேதி உங்ககிட்ட இருந்திருக்கு."

ஆமாம் என்றேன்.

"முஸ்தபாவாமே. அது யாரு? இப்பவாவது அவரு பேரைப் போடுங்க."

3 மார்ச்

கட்டுரை வந்த வார இதழுக்கு நான்கு வரித் திருத்தம் அனுப்பினேன். நாற்பத்தொரு வருஷத்தில் என் எழுத்துக்குத் திருத்தம் வந்ததில்லை. அதை ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

14 ஏப்ரல்

வந்துவிட்டது, கடைசிப் பக்கத்தில். முஸ்தபா என்று குறிப்பிடப்பட்டவரின் உண்மைப் பெயர் மர்ஹூம் சேக் தாவூது, நாகப்பட்டினம். பிரதியைச் சபிஹாவுக்குத் தபாலில் அனுப்பினேன்.

20 ஏப்ரல்

பதினொரு மணிக்கு நிக்காஹ். அழைப்பிதழ் வரவில்லை. ஹாஜா மைதீன் பெண்ணைக் கொடுத்திருப்பார்.

மதியம் மணிச் சத்தம். வாசலுக்குப் போய்க் கைலிக்காரரை நிறுத்தினேன். ஒரு நீலக் கட்டம் போட்டதை எடுத்துக்கொண்டேன். பெயர் கேட்டேன், சொன்னார். மூட்டையை எதில் கட்டியிருந்தார் என்பதையும் பார்த்தேன்.

இரண்டையும் இங்கே எழுதவில்லை.